உயரமும் ஆட்டத் திறமையும்

ஒருவருடைய உடலின் அளவைக் கொண்டு அவருடைய பிற்காலத் திறமையை முன்கூட்டியே கணித்துவிட முடியுமா என்னும் கேள்வி, உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் பள்ளிகளில் விளையாட்டுக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும்போது, வரிசையில் நிற்கும் மாணவர்களுள் நெடியவன் ஒருவன்மீது ஆசிரியரின் கண் முதலில் விழுவது இயற்கையே. அவ்வாறு விழுவது எந்த அளவுக்கு நியாயமானது என்பதை ஆராய்வதற்கு ஏற்ற களம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அமைந்திருக்கிறது. அந்நாட்டின் தொழில்முறைக் கால்பந்துக் குழுக்கள் இளம் ஆட்டக்காரர்களின் உயரம், எடை, கை நீளம், ஓட்ட வேகம், எம்பிக் குதிக்கும் அளவு ஆகிய யாவற்றையும் அளந்து பதிவு செய்கின்றன. அவர்கள் பின்னர் ஆடிய ஆட்டத்தின் கணக்கும் ஒன்றுவிடாமல் பதிவாகிறது. முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வேறு எத்துறையிலும் இவ்வளவு எளிதாகக் கிட்டுவதில்லை.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று கூறுவது நாம் அறிந்த கால்பந்தன்று. அங்குப் பந்து முட்டை வடிவமானது. சுமார் 11 அங்குல நீளமும் 14 முதல் 15 அவுன்சு எடையும் உள்ளது. ஆடுகளம் 100 கஜ நீளமும் 160 அடி அகலமும் கொண்டது; அதன் இரு முனைகளிலும் பத்துக் கஜ ஆழமுள்ள இறுதிப் பகுதிகள் உண்டு. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் குழு, நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமேனும் முன்னேற வேண்டும்; இன்றேல் பந்து எதிர்க்குழுவிடம் போய்விடும். ‘குவார்ட்டர்பேக்’ எனப்படும் எறிவாளர் பந்தை முன்னோக்கி எறிய, முன்னே ஓடிச் சென்று அதைப் பிடிப்பவரே ‘ரிசீவர்’. இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் அது ‘டச்டவுன்’. அதற்கு ஆறு புள்ளிகள். ரிசீவருடன் நிழல்போல் ஓடிப் பந்தைத் தட்டிவிடுவதற்கென்றே எதிர்க்குழுவில் காப்பாளர்கள் இருப்பார்கள். இக்கட்டுரை இந்த ரிசீவரைப் பற்றியதே.

தொழில்முறைக் குழுக்கள் மொத்தம் 32. புதிய ஆட்டக்காரர்களை அவை ஆண்டுக்கொருமுறை, ‘டிராஃப்ட்’ என்னும் ஏற்பாட்டின்படி, ஏழு சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. முந்திய ஆண்டில் மிகவும் பின்தங்கிய குழு முதலில் தேர்ந்தெடுக்கும். ஆகவே முதற்சுற்றில் ஒரு முறையை வீணாக்குவது, ஏற்கெனவே நலிந்திருக்கும் குழுவுக்குப் பல ஆண்டுகள் தொடரும் இழப்பாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞருக்கோ அது வாழ்க்கைப் பிரச்சினை. அவருக்கு அப்போது வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்கும்.

உயரத்தினால் உண்டாகும் பயன்

உயரமான ரிசீவரைக் குழுக்கள் விரும்புவதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, எட்டும் பரப்பு. நின்ற இடத்திலிருந்து இரு கைகளையும் நீட்டிப் பந்தைப் பிடிக்கக்கூடிய இடத்தை ஒரு வட்டமாகக் கொள்வோம். கையின் எட்டு நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடினால், வட்டத்தின் பரப்பு நூற்றுக்கு 21 பங்கு கூடுகிறது. எறிபவர் சற்றே குறி தவறினாலும் பந்து வீணாகாது என்பதே இதன் பொருள். காப்பாளர்கள் பெரும்பாலும் ஆறடிக்குச் சற்றுக் குறைந்தவர்கள். ஆறடி நான்கு அங்குலமுள்ள ஒருவர் அவர்களுக்குப் பக்கத்தில் எம்பும்போது, அவர்களால் எட்டவே முடியாத ஒரு வெற்றிடம் தலைக்குமேல் கிடைத்துவிடுகிறது. களத்தின் முடிவுக் கோட்டை நெருங்க நெருங்க ஓடுவதற்கு இடம் குறைந்துபோகும். ஆனால் ஆகாயத்தில் உள்ள இடம் குறைவதில்லை. எனவேதான் அங்கு நெடியவர்களுக்கு மதிப்பு அதிகம்.

எம்பிக் குதிப்பதில் ஒரு பௌதிக நுட்பம் உண்டு. வகுப்பில் எடுத்துக் கூறுவதற்கு ஏற்றது. ஒருவர் 103 சென்டிமீட்டர் உயரம் எம்புகிறார் எனக் கொள்வோம். தரையை விட்டுக் கிளம்பும்போது அவருடைய வேகம் வினாடிக்கு 4.5 மீட்டர், உச்சியை அடைய 0.46 வினாடியும், மீண்டும் இறங்க அதே நேரமும் ஆகும். ஆக 0.92 வினாடி அவர் ஆகாயத்தில் இருக்கிறார். இதில் சரிபாதி நேரத்தை அவர் உச்சியை ஒட்டிய கால்பங்கு உயரத்தில், அதாவது மேலேயுள்ள 26 சென்டிமீட்டருக்குள்ளேயே, கழிக்கிறார். மேலே செல்லச் செல்ல வேகம் குறைவதே இதற்குக் காரணம். நல்ல ரிசீவர் ஆகாயத்தில் ‘தொங்குவதாக’ பார்வையாளர்கள் வியந்து கூறுவது கண்மயக்கமாயினும் அதற்கு அடிப்படை இதுவே. ஆனால் எந்தக் கணத்தில் எம்புவது என்பதைப் புவியீர்ப்பு கற்றுக்கொடுப்பதில்லை. கால் வினாடி முந்தி எம்பியவர், பந்து வரும்போது இறங்கிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது பயன் உடற்கட்டைச் சார்ந்தது. 1978-ம் ஆண்டு வகுத்த விதியின்படி, ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் ஐந்து கஜத்துக்குள் மட்டுமே காப்பாளர் ரிசீவரைக் கைகளால் தள்ளித் தடுக்கலாம். அந்தத் தள்ளலைத் தாங்கி மீள்வதற்கு எடையும் நீண்ட கைகளும் உதவுகின்றன.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒரே வடிவமுள்ள இரு உடல்களில் ஒன்று மற்றதைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு உயரமாக இருப்பின், அதன் தசைகளின் குறுக்குப் பரப்பு 21 பங்கும், எடை 33 பங்கும் கூடுகின்றன. தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எனவே எடையோடு ஒப்பிடும்போது நெடியவரின் வலிமை ஏறத்தாழ 9 பங்கு குறைந்துவிடுகிறது. உண்மையில் நெடிய மனிதர்கள் குட்டையானவர்களின் பெரிய பிரதிகளல்லர், பெரும்பாலும் மெலிந்தவர்கள். ஆகவே இக்கணக்கை அப்படியே பொருத்தக்கூடாது. எனினும் போக்கு இதுதான். அத்துடன் நெடியவரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. வேகமாக ஓடிவந்து சட்டென நின்று திரும்புவதற்கு அவர் இடுப்பை அதிகமாகத் தாழ்த்த வேண்டும். நீண்ட எட்டுகளைக் குறுக்க வேண்டும்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ரிசீவரின் தொழிலில் பெரும்பகுதி ஓடுவதன்று, திரும்புவதே. காப்பாளர் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் உடன் ஓடுகிறார். ரிசீவர் திடீரெனத் திரும்பியதைக் கண்டு அவர் உடல் செயற்படுவதற்கு ஐந்தில் ஒரு வினாடி ஆகுமெனில், அதற்குள் அவர் 1.6 மீட்டர் தூரம் தவறான திசையில் போய்விடுவார். அந்த ஐந்தடி இடைவெளியே எறிபவருக்குக் கிடைக்கும் இலக்கு. திரும்பப் போவதை ரிசீவரின் இடுப்போ தோளோ முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிட்டால் இடைவெளி மறைந்துவிடும். பிறகு உயரம் ஒன்றையே நம்ப வேண்டியதுதான்.

கிராமப் பகுதிகளில் பணிபுரியும் வேளாண்மை ஊழியர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. உயரமான பழைய கோதுமை ரகங்களுக்கு உரத்தை அதிகமாக இட்டால் தாள் நீண்டு, கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். 1960-களில் இந்தியாவுக்கு வந்த குட்டை ரகங்கள் அதே உரத்தைத் தானியமாக மாற்றிக் கொடுத்தன. நெட்டைப் பயிரைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அப்போது கண்ணோட்டத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. மனிதனுக்கும் பயிருக்கும் ஒப்புமை சிறிதளவே செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டெட்ராய்ட் குழுவின் அனுபவம்

மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ‘லயன்ஸ்’ குழு, 2003 முதல் 2007 வரையிலான ஐந்து ஆண்டுகளில், நான்கு முறை தன் முதற்சுற்றுத் தேர்வை நெடிய ரிசீவர்களுக்கே செலவிட்டது. விஞ்ஞானி ஒருவர் திட்டமிட்டுச் செய்திருந்தாலும் இதைவிட நல்ல பரிசோதனை கிடைத்திராது.

2003-ம் ஆண்டில் இரண்டாவது இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சார்ல்ஸ் ராஜர்ஸ். உயரம் ஆறடி மூன்று அங்குலம். ஐந்து ஆட்டங்கள் நன்றாக ஆடிய பின் பயிற்சியின்போது அவருடைய காறை எலும்பு முறிந்தது. மறு ஆண்டு முதல் ஆட்டத்திலேயே, மூன்றாவது முயற்சியில், அதே எலும்பு மீண்டும் முறிந்தது. பின்னர் விதிமீறலுக்காகச் சில ஆட்டங்கள் விலக்கியும் வைக்கப்பட்டார். 2006-ம் ஆண்டு ஆட்டங்கள் தொடங்குமுன் குழு அவரை விடுவித்துவிட்டது. தொழில்முறை ஆட்டத்தில் அவர் பிடித்த பந்துகள் மொத்தம் 36.

2004-ல் ஏழாவது இடத்தில் வந்த ராய் வில்லியம்ஸ் நல்ல ஆட்டக்காரர். 2006-ல் 82 பந்துகளைப் பிடித்து 1,310 கஜங்கள் சேர்த்தார். 2008-ல் அவரை டல்லாஸ் குழு பெரும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆயினும் 2006-ன் சிறப்பு அவருக்கு மீண்டும் அமையவில்லை. 2005-ல் பத்தாவது இடத்தில் வந்த மைக் வில்லியம்ஸ் ஆறடி ஐந்து அங்குல உயரமுள்ளவர். அவர் 2004-ம் ஆண்டிலேயே தொழில்முறைக்கு வர முயன்றபோது, பள்ளிப்படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகவில்லை என்னும் விதி குறுக்கிட்டது. நீதிமன்றத் தீர்ப்பும் அவருக்குச் சாதகமாக அமையவில்லை. கல்லூரிக்கும் திரும்ப முடியாமல், தொழிலுக்கும் போக முடியாமல், ஓராண்டு முழுவதும் ஆட்டமின்றி இருந்தார். உடலெடை கூடிற்று. டெட்ராய்டில் இரண்டே ஆண்டுகள் தங்கினார்.

மூன்று அனுபவங்களுக்குப் பின் 2007-ல் மறுபடியும் ஒரு நெடியவரையே, அதுவும் இரண்டாவது இடத்தில், குழு தேர்ந்தெடுத்தபோது ஏளனம் செய்தவர்கள் பலர். வந்தவர் கால்வின் ஜான்சன். ஆறடி ஐந்து அங்குலம். 40 கஜத்தை 4.35 வினாடியில் ஓடக்கூடியவர். 2008-ல் டெட்ராய்ட் குழு பதினாறு ஆட்டங்களிலும் தோற்றது. அந்த ஆண்டிலேயே அவர் 1,331 கஜங்களும் 12 டச்டவுன்களும் ஈட்டினார். 2009-ல் மேத்யூ ஸ்டாஃபோர்டு என்னும் திறமை மிக்க எறிவாளர் வந்து சேர்ந்தார். 2012-ல் ஜான்சன் சேர்த்த 1,964 கஜங்கள், 1995-ல் ஜெர்ரி ரைஸ் நிலைநாட்டியிருந்த 1,848 கஜச் சாதனையை முறியடித்தன. ஒன்பது ஆண்டுகளே ஆடி, 2015-ம் ஆண்டு ஆட்டங்களுடன் ஓய்வு பெற்ற அவருக்கு 2021-ல் புகழ்மாடத்தில் இடமளிக்கப்பட்டது.

நால்வரும் நெடியவர்கள், நால்வரும் கல்லூரியில் புகழ் பெற்றவர்கள். இவர்களுடைய உயரத்தைக் கொண்டு எதையும் பிரித்தறிய முடியவில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. ராஜர்ஸுக்கு அடுத்தபடியாக, மூன்றாவது இடத்தில், ஹூஸ்டன் குழு தேர்ந்தெடுத்த ஆண்ட்ரே ஜான்சனும் ஆறடி மூன்று அங்குலமே. அவர் 1,062 பந்துகளைப் பிடித்து, 2024-ல் புகழ்மாடத்தில் சேர்ந்தார். அடுத்தடுத்து அழைக்கப்பட்ட இரு பெயர்களுக்கிடையே 36-க்கும் 1,062-க்கும் உள்ள வேறுபாடு தோன்றியதற்கு, முறிந்த ஓர் எலும்பு எந்த அளவுக்குக் காரணம், மற்றவை எந்த அளவுக்குக் காரணம் என்பதை எந்த அளவுகோலாலும் பகுத்துவிட முடியாது. ராஜர்ஸ் திறமையற்றவர் என்று இன்று எளிதாகக் கூறுவோர், முதல் ஐந்து ஆட்டங்களில் அவர் 22 பந்துகள் பிடித்ததை மறந்துவிடுகிறார்கள்.

எண்கள் கூறுவதும் கூறாததும்

2019-ம் ஆண்டுத் தேர்வில் மிகுந்த விவாதத்துக்குள்ளானவர் டி. கே. மெட்கால்ஃப். ஆறடி மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். 228 ராத்தல், அதாவது 103 கிலோகிராம். அத்தனை எடையுடன் 40 கஜத்தை 4.33 வினாடியில் ஓடினார். சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர். முன்னர்க் கணக்கில் எடுத்துக்கொண்ட 103 சென்டிமீட்டர் எம்பல் இவருடையதே. ஆனால் ஐந்து கஜ இடைவெளியில் மூன்று கூம்புகளை நட்டுச் சுற்றிவரச் செய்யும் சோதனையில் அவருக்கு 7.38 வினாடி பிடித்தது. ஓட்டத்தில் மந்தமானவர் என்று பெயர் பெற்ற டாம் பிராடி என்னும் எறிவாளர் 2000-ம் ஆண்டில் இதே சோதனையை 7.20 வினாடியில் முடித்திருந்தார்! முந்திய ஆண்டில் கழுத்தில் ஏற்பட்ட காயமும் சேர்ந்து, எட்டு ரிசீவர்கள் எடுக்கப்பட்ட பின்பே, 64-வது இடத்தில் சியாட்டில் குழு அவரை எடுத்துக்கொண்டது.

சோதனை பொய்யன்று, அவர் திரும்புவதில் சுணக்கமானவர்தாம். ஆனால் சியாட்டில் குழுவின் அப்போதைய எறிவாளர் ரசல் வில்சன், நெடுந்தூரத்துக்குப் பந்தை உயர எறிவதில் வல்லவர். நேராக ஓடி, எம்பிப் பிடிக்கும் ஆட்டத்தையே மெட்கால்ஃபுக்குப் பெரும்பாலும் கொடுத்தார்கள். முதலாண்டில் 900 கஜங்கள், இரண்டாமாண்டில் 1,303. வேறொரு குழுவில், வேறொரு எறிவாளருடன் இவ்வாறே ஆகியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

எறிபவரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு டெமேரியஸ் தாமஸின் கணக்கே போதும். ஜார்ஜியா டெக் கல்லூரியிலிருந்து 2010-ல் டென்வர் குழுவுக்கு வந்த அவர் முதல் ஆண்டில் 22 பந்துகளும், காயத்துடன் தொடங்கிய அடுத்த ஆண்டில் 32 பந்துகளும் பிடித்தார். 2012-ல் பேய்ட்டன் மேனிங் என்னும் அனுபவம் மிக்க எறிவாளர் வந்தவுடன் அந்த எண் 94 ஆயிற்று. உயரம் மூன்று ஆண்டுகளிலும் ஒன்றேதான். இதே கல்லூரியிலிருந்து 2012-ல் நியூயார்க் ‘ஜெட்ஸ்’ குழுவுக்கு வந்த ஸ்டீஃபன் ஹில், தாமஸைவிடச் சற்று உயரமானவர். 40 கஜத்தை 4.36 வினாடியில் ஓடினார்; இரண்டு ஆண்டுகளில் 45 பந்துகளோடு அவருடைய கணக்கு முடிந்துவிட்டது. அக்கல்லூரிக் குழு அக்காலத்தில் பந்தைப் பெரும்பாலும் எறியாமல் ஏந்தி ஓடும் முறையையே கையாண்டதால், ஹில் போதிய பயிற்சி பெறவில்லை என்று காரணம் கூறுவதுண்டு. தாமஸும் அதே முறையில் ஆடி வந்தவர் என்பதை நினைத்தால், அக்காரணம் தனித்து நிற்காது.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கு இரண்டு பிழைகளை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டலாம். சிறந்த ரிசீவர்களின் பட்டியலைப் பார்த்து, ‘இவர்களுள் பலர் நெடியவர்கள், ஆகவே நெடியவர்கள் சிறப்பார்கள்’ என்று முடிவு செய்வது ஒன்று. தோற்றுப்போன நெடியவர்கள் அப்பட்டியலில் இடம்பெறமாட்டார்கள் அல்லவா? மற்றது இதற்கு நேர்மாறானது. தொழில்முறையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்குள் உயரத்துக்கும் வெற்றிக்கும் தொடர்பு மெலிந்திருக்கக் கண்டு, ‘உயரத்தால் பயனே இல்லை’ என்று கூறுவது. உயரம் குறைந்த ஒருவர் அங்கு வந்து சேர்ந்திருப்பதே, கையிலோ காலிலோ அசாதாரணத் திறமை இருந்ததால்தான். சல்லடையில் சலித்து வந்தவர்களை மட்டும் எடுத்து அளந்தால் இத்தகைய மயக்கம் ஏற்படும். டெட்ராய்ட் குழுவிலேயே 2021-ல் நான்காம் சுற்றில், 112-வது இடத்தில் எடுக்கப்பட்ட அமோன்-ரா செயின்ட் பிரவுன் சுமார் ஆறடி உயரமுள்ளவர். 2023-ல் 119 பந்துகளைப் பிடித்து 1,515 கஜங்கள் சேர்த்தார். மறுகோடியில், ஆறடி எட்டு அங்குலமுள்ள ஹெரால்டு கார்மைக்கேலை 1971-ல் ஏழாம் சுற்று வரை யாரும் சீண்டவில்லை. அவ்வளவு நெடியவரால் இந்த ஆட்டம் ஆட முடியாதென்றே பலர் எண்ணினர். 1973-ல் அதிகப் பந்துகளைப் பிடித்தவர் அவரே.

பள்ளியில் அளக்க வேண்டியவை

நமது பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்து இல்லையாயினும், கூடைப்பந்துக்கும் கைப்பந்துக்கும் இதே கேள்வி எழுகிறது. வளரும் பருவத்தில் அது மேலும் சிக்கலானது. ஆண் பிள்ளைகளின் வளர்ச்சி மிக விரைவாக இருப்பது சராசரியாகப் பதின்மூன்று, பதினான்கு வயதில். சிலருக்கு ஓரிரு ஆண்டு முந்தியும் சிலருக்குப் பிந்தியும் வரும். பன்னிரண்டு வயதில் எல்லோரிலும் நெடியவனாக நிற்பவன், முன்னதாக வளர்ந்தவனாக மட்டுமே இருக்கக்கூடும். விரைந்து வளரும் மாதங்களில் கைகால்கள் தன் வசப்படாமல் ஒரு பையன் தடுமாறுவதும் உண்டு. அவனைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிடும் ஆசிரியர்களை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார்.

ஆகவே உயரத்தை மட்டும் குறிப்பதைவிட, கையை உயர்த்தி நிற்கும்போது விரல் நுனி எட்டும் அளவைச் சுவரில் குறிப்பது நலம். ஒரே உயரமுள்ள இரு மாணவர்களிடம் இது சில அங்குலம் வேறுபடுவதைக் காணலாம். பின்னர் விரலில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவி எம்பச் செய்து, இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து கஜத்துக்கொன்றாக மூன்று செங்கற்களை ‘ட’ வடிவத்தில் வைத்துச் சுற்றி ஓடச் சொன்னால் திரும்பும் திறமை தெரியும். நிறுத்துக் கடிகாரம் ஒன்று போதும். பந்தைப் பிடிக்கும் திறனை அளக்க, இருபது முறை ஒரே தூரத்திலிருந்து எறிந்து எண்ணுவதைவிட நல்ல வழியில்லை. இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் பதிவேட்டை மூடிவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மாணவர்களுக்கு, அதே சுவரில், அதே செங்கற்களைக் கொண்டு செய்துவருவது அவசியம். முதல் அளவில் பின்தங்கிய மாணவனின் பெயரையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த அளவுகளுக்கு அவனையும் அழைக்க வேண்டும்.